பிடி நழுவிய பின்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், கெம்னிட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், சாக்சன்ரிங் என்றொரு மோட்டார்சைக்கிள் பந்தயத்தளம் இருக்கிறது. ஒரு சுற்று 3.67 கிலோமீட்டர்தான். அதற்குள் 13 வளைவுகள்: பத்து இடப்பக்கம், மூன்று வலப்பக்கம். 2010 முதல் 2019 வரை அங்கே ஓடிய எல்லா ஆண்டுகளிலும் ஒரே ஆள் வென்றார். 125 சிசி வகுப்பில் ஒருமுறை, மோட்டோ2 வகுப்பில் இருமுறை, உச்ச வகுப்பான மோட்டோஜிபியில் ஏழு முறை. தகுதிச்சுற்றிலும் பத்து ஆண்டுகளாக முதலிடம் அவருக்கே. 2020இல் கொரோனாவால் அந்தப் பந்தயம் நடக்கவில்லை. 2021இல், வலது மேற்கையில் மூன்று அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு, பலம் பாதிகூடத் திரும்பாத நிலையில் வந்து மறுபடியும் வென்றார். 2025இல் பன்னிரண்டாவது முறை.

அவர் பெயர் மார்க் மார்க்கேஸ். ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் செர்வெரா என்ற சிற்றூரில் 1993 பிப்ரவரி 17 அன்று பிறந்தவர். ஒன்பது உலகப் பட்டங்கள், அவற்றில் ஏழு மோட்டோஜிபியில்.

‘பிறவித் திறமை’ என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் பிறவித் திறமை ஏன் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் கூடுதலாக வெளிப்பட வேண்டும்? இந்தக் கேள்வியின் பின்னாலேயே போனால் ரப்பரின் இயற்பியல், எலும்பு ஒட்டும் விதம், கண்ணைச் சுழற்றும் ஒரு மெல்லிய நரம்பு என்று மூன்று இடங்களுக்குப் போய்ச் சேருகிறோம். மார்க்கேஸின் பதினேழு ஆண்டு வாழ்க்கை முழுவதும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது.

முதலில் சாய்வு. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயாமல் திரும்ப முடியாது. சாலை டயரை வளைவின் உள்பக்கமாகத் தள்ளுகிறது; அந்தத் தள்ளுதல் வண்டியை வெளிப்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது. புவியீர்ப்பு அதை உள்பக்கமாகக் கவிழ்க்கும்படி சாய்ந்துகொண்டால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. வண்டி எத்தனை கிலோ என்பது கணக்கிலேயே வருவதில்லை. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 80 கிலோமீட்டரில் எடுக்க 45 பாகை சாய்வு வேண்டும். அதையே 105 கிலோமீட்டரில் எடுக்க 60 பாகை. அந்த நிலையில் ஓட்டுநரின் உடல் இரண்டு மடங்கு கனக்கிறது. 65 கிலோ மனிதர் 130 கிலோவாகத் தன்னை உணர்ந்தபடி, முழங்காலையும் முழங்கையையும் தரையில் உரசிக்கொண்டு, வலது கையால் ஆக்சிலரேட்டரை ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று திருகுகிறார்.

அப்படி உடலை வெளியே தொங்கவிடுவது வேடிக்கை காட்டுவதற்காக இல்லை. மோட்டோஜிபி வண்டியின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. பெட்ரோலோடு 170க்கு மேல். தோலாடை, தலைக்கவசத்தோடு ஓட்டுநர் ஏறத்தாழ 75 கிலோ. ஆக, மொத்த எடையில் சுமார் முப்பது சதவீதம் அவர்தான். உடலை 25 சென்டிமீட்டர் உள்பக்கம் நகர்த்தினால் இருவரின் கூட்டு எடைமையம் ஏழரை சென்டிமீட்டர் அளவுக்கு நகரும். எடைமையம் வண்டியின் அச்சு வழியே தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டி ஏழு பாகை குறைவாகச் சாய்ந்தால் போதும். அந்த ஏழு பாகையை மிச்சம் பிடித்து இன்னும் வேகமாகப் போகலாம். அமெரிக்காவின் கென்னி ராபர்ட்ஸ் 1970களின் இறுதியில் ஐரோப்பாவுக்கு வந்தபோது முழங்காலைத் தரையில் உரசி ஓட்டியதைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். மார்க்கேஸ் தலைமுறை முழங்கையையும் உரச வைத்தது.

சரி, இவ்வளவு சாய்ந்தும் டயர் ஏன் வழுக்குவதில்லை? உராய்வு தொடுபரப்பைச் சார்ந்ததல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. சூடான பந்தய டயர் தார்ச்சாலையின் கரடுமுரடான பருக்கைகளுக்குள் அமிழ்ந்து, அவற்றின் வடிவத்தையே தானும் எடுத்துக்கொள்கிறது. ஒரு பருக்கையைத் தாண்டி வரும்போது ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்புவதில்லை, சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாக இழக்கப்படுகிறது. அந்த இழப்புதான் வண்டிக்குப் பிடியாகக் கிடைக்கிறது. இதற்கு மேல் ரப்பர் மூலக்கூறுகள் சாலைப்பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டு அறுபடும் விசையும் சேர்கிறது. இரண்டும் சேர்ந்து டயர் தன்மேல் இருக்கும் எடையைவிட அதிகமான பக்கவிசையைத் தாங்குகிறது. எல்லாம் வெப்பம் இருக்கும்வரைதான். ஆறிய டயர் இறுகிவிடும். அதனால்தான் ஓட்டம் தொடங்கும்வரை டயர்களை மின்போர்வையால் சுற்றிச் சூடாக வைத்திருக்கிறார்கள்.

சாக்சன்ரிங்கின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. தொடர்ந்து பல இடவளைவுகள். அவ்வளவு நேரமும் டயரின் இடப்பக்கம் கொதிக்கிறது, வலப்பக்கம் காற்றுப்பட்டு ஆறுகிறது. கடைசியில், மேட்டின் உச்சியிலிருந்து சரிவில் பாயும் இடத்தில், 11ஆம் வளைவு திடீரென்று வலப்பக்கம் திரும்புகிறது. மிக வேகமான வளைவு, ஆறிய ரப்பர். எத்தனையோ நல்ல ஓட்டுநர்கள் அங்கே சரிந்திருக்கிறார்கள். ஒரே டயரில் இடப்பக்கத்துக்கு ஒரு கலவை, வலப்பக்கத்துக்கு வேறொரு கலவை வைத்துத் தயாரிக்கும் வழக்கம் இதுபோன்ற தளங்களால்தான் முக்கியமானது.

டயரைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். மார்க்கேஸைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல் என்பது என் எண்ணம். டயர் பிடித்துக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று விட்டுவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் டயர் எப்போதுமே கொஞ்சம் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில பாகை வித்தியாசம் இருந்தால்தான் பக்கவிசையே முழுமையாகப் பிறக்கிறது. வித்தியாசம் கூடக்கூடப் பிடி கூடுகிறது, ஓர் உச்சத்தைத் தொடுகிறது, பிறகு குறைகிறது. அதாவது எல்லை என்பது சுவர் போன்றதன்று, ஒரு குன்றின் முகடு போன்றது. முகட்டைத் தாண்டினாலும் அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் சரிவு இருக்கிறது. பிடி முழுதாகப் போய்விடுவதில்லை.

முன்டயர் முகட்டைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குக் கதை முடிந்துவிடுகிறது. வண்டி உள்பக்கமாகச் சரிந்து படுத்துவிடும். இதை லோசைடு என்பார்கள். மார்க்கேஸ் மட்டும் அந்த மறுபக்கச் சரிவிலிருந்து திரும்பி வருவதை ஒருமுறை இருமுறையல்ல, பருவம் முழுக்கப் பார்த்திருக்கிறோம். முன்சக்கரம் மடங்கிவிட்டது, வண்டியின் சாய்வு 60 பாகையையும் தாண்டிவிட்டது, கருப்பு ரப்பர்க்கோடு சாலையில் நீளமாக விழுகிறது, அவரோ முழங்காலையும் முழங்கையையும் தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கி நிறுத்தி ஓட்டிக்கொண்டு போகிறார்.

அந்த ஒரு நொடிக்குள் நடப்பது இதுதான். முழங்காலும் முழங்கையும் தரையை அழுத்தும்போது வண்டி மேலும் சரிவது நிற்கிறது. சக்கரம் ஏற்க வேண்டிய பக்கவிசையில் ஒரு பங்கை உடல் வாங்கிக்கொள்கிறது. அதே கணத்தில் ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்தால் எடை பின்சக்கரத்துக்கு நகர்ந்து முன்டயரின் வேலை இன்னும் குறைகிறது. கேட்கப்படும் விசை குறைந்ததும் டயர் முகட்டின் இந்தப் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. இதையெல்லாம் யோசித்துச் செய்ய நேரம் இல்லை. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்கு ஐந்தில் ஒரு நொடி ஆகிவிடும். உடலால் உணர்ந்து அசைந்தாலும் பெரிதாக மிச்சமில்லை. மூளை வழுக்கலை எதிர்பார்த்துக் காத்திருந்தால்தான், பதில் அசைவு முன்கூட்டியே தயாராக இருந்தால்தான் இது நடக்கும்.

வழுக்கலை அப்படி எதிர்பார்க்க ஒரு உடல் எங்கே பழகும்? மண்ணில். லெய்டா நகருக்கு அருகே ருஃபேயா என்ற மண்தளத்தில் மார்க்கேஸும் தம்பி ஆலெக்ஸும் சிறுவயதிலிருந்து ஓட்டிவருகிறார்கள். மண்ணில் டயர் எப்போதும் முகட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். அங்கே வழுக்கல் விபத்து இல்லை, ஓட்டும் முறையே அதுதான். மண்தளப் பந்தயங்கள் மரபாகவே கடிகாரச் சுற்றுக்கு எதிராக, அதாவது இடப்பக்கம் திரும்பித் திரும்பி ஓடுபவை. ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓர் இளம் உடலின் சிறுமூளையில் எழுதுவது ‘இடப்பக்கம் வழுக்கும்போது என்ன செய்ய வேண்டும்’ என்பதைத்தான். சாக்சன்ரிங், அமெரிக்காவின் ஆஸ்டின், ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்ட், ஸ்பெயினின் அரகோன் என்று அவருக்குப் பிடித்த தளங்களை வரிசையாகப் பாருங்கள். எல்லாமே கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றுத் தளங்கள். இதை ஒரே காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். இதைவிட நல்ல காரணம் எனக்குத் தென்படவில்லை.

அவருடைய ஆரம்ப ஆண்டுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். அப்பா ஜூலியா மண் அள்ளும் எந்திரம் ஓட்டியவர். மகன் 2008இல் பதினைந்து வயதில் உலகப் பந்தயத்துக்கு வந்தார். 2010இல் 125 சிசி பட்டம். அந்தப் பருவத்தில் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் மழையால் நிறுத்தப்பட்ட பந்தயம் மறுபடி தொடங்குமுன், வரிசைக்கு வரும் சுற்றிலேயே விழுந்தார். வண்டியை அவசரமாகச் சரிசெய்து கடைசி வரிசையிலிருந்து கிளம்பி வென்றார். 2012இல் மோட்டோ2 பட்டம். அதன் கடைசிப் பந்தயமான வலென்சியாவில் 33ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு முதலாவதாக வந்தார். 2013இல் கேசி ஸ்டோனர் விட்டுச்சென்ற ஹோண்டா இருக்கையில் அமர்ந்து, இரண்டாவது பந்தயத்திலேயே ஆஸ்டினில் வெற்றி. அந்த ஆண்டே உலகப் பட்டம். வயது 20 ஆண்டு 266 நாள். உச்ச வகுப்பில் இவ்வளவு இளம் சாம்பியன் அதற்கு முன் இல்லை. அறிமுகப் பருவத்திலேயே உச்சப் பட்டம் என்பது 1978இல் கென்னி ராபர்ட்ஸுக்குப் பிறகு யாருக்கும் வாய்க்காதது. 2014இல் முதல் பத்துப் பந்தயங்களையும் அவரே வென்றார்.

2016 முதல் 2019 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள். அவற்றுள் 2017ஆம் ஆண்டின் கணக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: பயிற்சி, தகுதிச்சுற்று, பந்தயம் எல்லாம் சேர்த்து 27 முறை விழுந்தவர் அந்த ஆண்டின் உலக சாம்பியன். பெரும்பாலான விழுகைகள் வெள்ளி, சனிக்கிழமைகளில் நடந்தவை. டயரின் முகடு அன்றைய வெயிலுக்கும் அந்தச் சாலைக்கும் எங்கே இருக்கிறது என்பதைத் தாண்டிப் பார்த்தால் மட்டுமே துல்லியமாக அறிய முடியும். அவர் வெள்ளிக்கிழமை தாண்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முகட்டின் மேலேயே ஓட்டினார். 2019இல் இந்த முறை முழுமை பெற்றது. 19 பந்தயங்களில் ஆஸ்டினில் விழுந்த ஒன்றைத் தவிர மற்ற பதினெட்டிலும் முதல் அல்லது இரண்டாம் இடம். மொத்தம் 420 புள்ளிகள். அவர் உயரத்துக்கு வேறு யாருமே பக்கத்தில் இல்லாத ஆண்டு அது.

முன்டயர் வழுக்கினால் தாண்டிப் பார்த்துத் திரும்பலாம். பின்டயர் அப்படி இல்லை. வளைவிலிருந்து வெளியேறும்போது பின்டயர் வழுக்கி வெளிப்பக்கம் போய், வண்டி குறுக்காக நிற்கும் நிலையில் பிடி சட்டென்று திரும்பினால், தரையிலிருந்து வரும் பெரிய பக்கவிசை எடைமையத்துக்குக் கீழே விழுகிறது. படுத்திருந்த வண்டி ஒரே உதறலில் நிமிர்ந்து மறுபக்கம் புரளும். அமுங்கியிருந்த ஸ்பிரிங்கும் சேர்ந்து விரிய, ஓட்டுநர் இருக்கையிலிருந்து மேலே வீசப்படுவார். ஹைசைடு என்பது இதுதான். மோட்டோஜிபியில் 2018 முதல் காற்றுப்பை பொதிந்த தோலாடை கட்டாயம். விழுவதைச் சென்சார்கள் கண்டுகொண்டதும், உடல் தரையைத் தொடுமுன்பே பை ஊதிவிடும். தோளையும் காறையெலும்பையும் அது எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. மேற்கைக்கு அதன் காப்பு எட்டாது.

2020 ஜூலை 19, ஸ்பெயினின் ஹெரெஸ். கொரோனாவால் தள்ளிப்போன பருவத்தின் முதல் பந்தயம். முன்னணியில் ஓடிய மார்க்கேஸ் ஒரு வழுக்கலில் தளத்தைவிட்டு வெளியே போனார். விழவில்லை. 16ஆம் இடத்துக்குப் பின்தங்கி, அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டார். சில சுற்றுகளே மீதியிருக்கையில் மூன்றாம் வளைவில் ஹைசைடு. சரளையில் உருண்டபோது அவருடைய வண்டியின் முன்சக்கரமே வலது மேற்கையில் மோதியது. தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள ஒற்றை எலும்பு முறிந்தது.

செவ்வாய்க்கிழமை பார்சலோனாவில் தகடும் திருகுகளும் வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு ஒன்று ஓடுகிறது. நல்லவேளையாக அது அறுபடவில்லை. அதே வாரம் சனிக்கிழமை மார்க்கேஸ் மறுபடி வண்டியில் ஏறினார். சில சுற்றுகள் ஓட்டிப் பார்த்துவிட்டு, கையில் பலமில்லை என்று விலகிக்கொண்டார். சில நாள் கழிந்து, வீட்டில் கனமான ஜன்னல் ஒன்றைத் திறக்கும்போது தகடு உடைந்தது.

தகடு எலும்புக்கு மாற்று கிடையாது. எலும்பு சேரும்வரை அதைப் பிடித்து வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. எலும்பு சேரச் சேரச் சுமை தகட்டிலிருந்து எலும்புக்கு மாறும். அதற்குள் ஒவ்வோர் அசைவும் உலோகத்தை மிக நுண்மையாக வளைத்து விடுகிறது; ஒருமுறைக்கு ஒன்றும் ஆகாத சுமை ஆயிரம் முறை திரும்பத் திரும்ப வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறந்து வளரும். எலும்பு முந்தினால் தகடு பிழைக்கும், உலோகச் சோர்வு முந்தினால் தகடு போய்விடும். இதில் பந்தய வண்டியின் பங்கைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலிருந்து பிரேக் பிடிக்கும்போது வேகக்குறைப்பு புவியீர்ப்பின் ஒன்றரை மடங்கைத் தொடும். 65 கிலோ உடலை 95 கிலோவுக்கும் மேலான விசை முன்னே தள்ளும். முழங்கால்கள் டேங்க்கை இறுக்கித் தாங்குவது போக மீதியெல்லாம் கைகளுக்கு. முன்பிரேக்கின் லீவரும் ஆக்சிலரேட்டரும் இருப்பதோ வலது கையில்.

சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஸ்டெஃபான் பெர்ரன் முறிவுகளைப் பற்றிக் காட்டிய ஓர் அடிப்படை உண்மை இங்கே பொருந்துகிறது. முறிந்த இடைவெளியில் முதலில் உருவாகும் மென்மையான திசு இரட்டை நீளத்துக்கு இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு பத்து சதவீதம் வரை தாங்கும். முதிர்ந்த எலும்போ இரண்டு சதவீத இழுப்பைக்கூடத் தாங்காது. அதனால் முறிவு இடைவெளி அசைந்துகொண்டே இருந்தால் எலும்பு உருவாவதில்லை. உடல் அந்த இடத்தை நிரந்தர மூட்டாக நினைத்து நார்த்திசுவால் மூடிவிடும். மருத்துவர்கள் இதைப் பொய்மூட்டு என்பார்கள். டயருக்கு முகட்டைத் தாண்டினால் ஒரு சரிவு உண்டு. எலும்புக்கு அந்தச் சரிவு கிடையாது. மார்க்கேஸின் உடல் இருபது ஆண்டுகளாகக் கற்ற பாடம் எதுவும் இந்த இடத்தில் செல்லுபடியாகவில்லை. அவருடைய கதையில் என்னை மிகவும் வருத்துவதும் இதுதான். எல்லையைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கமே அவரைச் சாம்பியனாக்கியது, அதே பழக்கம்தான் அந்தச் சனிக்கிழமை அவரை வண்டியில் ஏற்றியது.

ஆகஸ்டில் இரண்டாவது அறுவை சிகிச்சை, புதிய தகடு. எலும்பு அப்போதும் சேரவில்லை. டிசம்பரில் மாட்ரிட் நகரில் எட்டு மணி நேரம் நீண்ட மூன்றாவது அறுவை சிகிச்சை. இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு துண்டை, அதன்மேல் படர்ந்த உயிருள்ள உறையோடு எடுத்து முறிவில் வைத்தார்கள். புதிய எலும்பை உருவாக்கும் செல்கள் இருப்பது அந்த உறையில். முறிவிடத்தில் கிருமித்தொற்று இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. உலோகத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும் கிருமிகள் தமக்கென ஒரு மெல்லிய படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிவிடும், மருந்து எளிதில் எட்டாது. எலும்பு சேராததற்கான காரணங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கிறது. வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. 2021 ஏப்ரலில் போர்ச்சுகலின் போர்த்திமாவோ தளத்தில் ஏழாவதாக வந்து நின்றபோது, தன் அணியின் நடுவில் அவர் தேம்பி அழுததை உலகமே பார்த்தது.

இரண்டு மாதம் கழித்துத்தான் தொடக்கத்தில் சொன்ன சாக்சன்ரிங் வெற்றி. முந்தைய வெற்றியிலிருந்து 581 நாள். வலது மேற்கை சரியாக இயங்காதவர் பத்து இடவளைவுகள் கொண்ட தளத்தில் வென்றதில் இப்போது வியப்பிருக்காது. இடவளைவில் உள்பக்கம் தாழ்ந்து தரையை உரசுவது இடது முழங்கை. வலவளைவில் வலது முழங்கை தாழ்ந்து மடங்கி வெளியே விரிய வேண்டும், அந்த நிலையிலேயே ஆக்சிலரேட்டரையும் நுணுக்கமாகத் திருக வேண்டும். மார்க்கேஸால் அது முடியவில்லை. காரணம் பிறகுதான் தெளிவானது: எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் முறுக்கிக்கொண்டு சேர்ந்திருந்தது. மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையில் சுமார் 30 பாகை திருகல். அந்தத் திருகலை ஈடுகட்டத் தோள்மூட்டு ஒவ்வொரு வளைவிலும் தன் அசைவின் கடைசி எல்லையில் நின்று வேலை செய்தது.

இதற்கிடையில் கண். 2021 அக்டோபர் இறுதியில் பயிற்சியின்போது விழுந்ததில் அவருக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியது. இது முதல் முறையல்ல. 2011இல் மலேசியாவின் செப்பாங்கில், ஈரமான ஒரு திட்டில் வழுக்கி விழுந்தபோதும் இதே இரட்டைப்பார்வைதான். மோட்டோ2 பட்டம் அப்போது கை நழுவியது, 2012 ஜனவரியில் கண் தசையில் அறுவை சிகிச்சை நடந்தது. காரணம் மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் நான்காவது. மூளைத்தண்டின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் ஒரே நரம்பு அதுதான், மிக மெல்லியது, மண்டையோட்டுக்குள் மிக நீண்ட வழியைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்கு வருகிறது. தலை வேகமாக உதறப்படும்போது முதலில் அடிபடக்கூடியதும் அதுவே.

அது இயக்குவது ஒரே ஒரு தசையை. விழியைக் கீழே தாழ்த்துவதோடு, தலை ஒரு பக்கம் சாயும்போது விழியைத் தன் அச்சில் எதிர்த்திசையில் சற்றுச் சுழற்றி வைப்பது அதன் பணி. தலை சாய்ந்தாலும் உலகம் நிமிர்ந்து தெரிவதற்கு உதவும் ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. நான்காம் நரம்பு செயலிழந்தவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்தால் பிம்பங்கள் இரண்டாகப் பிரிந்து விலகும், மறுபக்கம் சாய்த்தால் நெருங்கி ஒன்றாகும். இப்போது 60 பாகை சாய்ந்து ஓட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். மனித உடலில் உள்ள அத்தனை நரம்புகளிலும் இந்தத் தொழிலுக்கு மிகத் தேவையான ஒன்று, மிக எளிதில் அடிபடுவதாக அமைந்துவிட்டது. 2022 மார்ச்சில் இந்தோனேசியாவின் மண்டலிகா தளத்தில் கொடூரமான ஹைசைடு ஒன்றில் அது மூன்றாம் முறையாக அடிபட்டது. நரம்பு அறுபடாமல் வீங்கியிருந்தால் தானாகவே ஆறும். 2021, 2022 இரண்டு முறையும் அப்படி ஆறியது.

2022 ஜூனில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ கிளினிக்கில் நான்காவது அறுவை சிகிச்சை. ஒட்டியிருந்த எலும்பை வேண்டுமென்றே அறுத்து, திருகலை நேராக்கி, மறுபடி தகடு வைத்தார்கள். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது என்று படம் காட்டிய பிறகே, செப்டம்பரில் அரகோனில் பந்தயத்துக்குத் திரும்பினார்.

கை நேரானபோது வண்டி கோணலாகிவிட்டிருந்தது. போட்டி நிறுவனமான டுகாட்டி காற்றியக்க இறக்கைகளிலும், வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டியின் உயரத்தைத் தாழ்த்தும் கருவியிலும் வெகுதூரம் முன்னே போயிருந்தது, ஹோண்டா பின்தங்கிவிட்டது. 2023இல் மார்க்கேஸ் 29 முறை விழுந்தார். 2017இன் 27க்கும் இதற்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை, பொருளில் மிகப் பெரிய வித்தியாசம். அப்போது விழுந்து விழுந்து முகட்டைக் கண்டுபிடித்தார். இப்போது முகடு எங்கே என்று வண்டி அவருக்குச் சொல்லவே இல்லை. அந்த ஆண்டு சாக்சன்ரிங்கிலேயே ஒரு வார இறுதியில் ஐந்து முறை விழுந்து, பந்தயத்தில் கலந்துகொள்ளாமல் விலகினார்.

ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருந்தும் ஹோண்டாவை விட்டு வெளியேறி, 2024இல் கிரெசினி என்ற சிறிய அணியில், தம்பி ஆலெக்ஸுக்குப் பக்கத்தில், முந்தைய ஆண்டு மாடல் டுகாட்டியில் ஏறினார். துணிச்சல் என்ற சொல்லை இந்த முடிவுக்குத்தான் நான் பயன்படுத்துவேன், சாய்வுகளுக்கு அல்ல. செப்டம்பர் 1 அன்று அரகோனில் வெற்றி, 1,043 நாளுக்குப் பிறகு. அரகோன் எதிர்ச்சுற்றுத் தளம். அடுத்த வாரமே மிசானோவில் வென்றார். அது கடிகாரச் சுற்றுத் தளம். கை சரியாகிவிட்டது என்பதற்கு எந்த எக்ஸ்ரேயையும்விட அந்த இரண்டாவது வெற்றி நல்ல சான்று.

2025இல் டுகாட்டியின் முதன்மை அணி. 11 பந்தயங்களில் வெற்றி. செப்டம்பர் 28 அன்று ஜப்பானின் மோட்டெகியில் ஒன்பதாவது உலகப் பட்டம் உறுதியானது. எட்டாவதுக்கும் அதற்கும் இடையில் 2,184 நாள். தரவரிசையில் இரண்டாம் இடம் தம்பிக்கு.

ஒரு வாரம் கழித்து, மண்டலிகாவில், முதல் சுற்றிலேயே பின்னால் வந்த வண்டி மோதி அவர் சரளையில் வீசப்பட்டார். மறுபடியும் வலது பக்கம்: தோள்பட்டை எலும்பின் ஒரு முனை முறிந்தது, தசைநார்கள் கிழிந்தன. முதலில் கத்தி வைக்காமல் ஆறவிட்டுப் பார்த்தார்கள். போதிய அளவு சேரவில்லை என்று தெரிந்ததும் ஒரு வாரத்தில் மாட்ரிட்டில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால் அவசரப்பட வேண்டிய தேவை இல்லை என்பது உண்மை. ஆனால் 2020 ஜூலையில் ஒரே ஒரு பந்தயம்தான் முடிந்திருந்தது, அன்றும் அப்படியொரு தேவை இருக்கவில்லை. இந்த முறை பருவத்தின் மீதி நான்கு பந்தயங்களிலும் அவர் ஓட்டவில்லை. அடுத்த ஆண்டு வண்டியை உருவாக்குவதற்காக நவம்பர் நடுவில் வலென்சியாவில் நடந்த சோதனை ஓட்டத்திலும் அவர் வண்டி ஏறவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து அப்போது ஆறு வாரம்கூட நிறைந்திருக்கவில்லை.